வாசலிலே நிற்பவர்கள்

(எமது இளைஞர் மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இவ்வாண்டு விழாவிலே பல்கலைக்கழக மாணவர் ஒருவர் பேச வேண்டுமென்றும், பேசும் பொருளை அவரே தெரிந்துகொள்ளலாமென்றும் செயலாளர் எனக்கு எழுதியிருந்தார். இளைஞர்க்குக் கொடுக்கத்தக்க சுதந்திரங்களுள் இது சற்று ஆபத்தானது. நான் படிப்பது பொருளியல். ஆகவே கடன், பணவீக்கம் என்று ஏதேனும் சொல்வேனென்று சிலர் எதிர்பார்த்திருக்கலாம். கடனைப் பற்றி என்னிலும் அனுபவம் மிக்கவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். நான் பேசப் போவது படிகளைப் பற்றி. கல்லும் சீமெந்தும் கொண்டு கட்டிய, நாம் நாள்தோறும் ஏறி இறங்கியும் ஒருநாளும் எண்ணிப் பாராத, வாசற்படிகளைப் பற்றி.

என் தாயாரின் தமையனார் முப்பத்தொரு ஆண்டுகள் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். நான்கு ஆண்டுகளுக்கு முன் நீரிழிவு நோயினால் அவருடைய வலது கால் முழங்காலுக்கு மேலே எடுக்கப்பட்டது. அதன் பின் சக்கர நாற்காலியே அவருக்குக் காலாயிற்று. எங்கள் வீட்டில் அதைச் சில்லுக் கதிரை என்போம். சென்ற ஆண்டு ஒரு பத்திரத்திற் கையொப்பம் பெறுவதற்காக அவர் ஓர் அரசாங்கக் கந்தோருக்குப் போகவேண்டியிருந்தது. எந்தக் கந்தோர் என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் அந்த ஒன்றையே குறைகூறிவிட்டு ஏனையவற்றை மறந்துவிடுவீர்கள்.

துணைக்கு நான் போனேன். முதல் நாட் பின்னேரம் மாமி தேநீர் கொண்டுவந்து கொடுத்தபோது மாமா வேண்டாமென்றார். மறுநாட் காலையிலும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நோய்க்குரிய பத்தியம் போலும் என்று எண்ணினேன். பின்னரே காரணம் விளங்கிற்று. போகும் இடத்திலே சில்லுக் கதிரை நுழையக்கூடிய மலசலகூடம் இராது. ஆதலால் வீட்டைவிட்டு வெளியே போகும் நாளெல்லாம் அவருக்கு உபவாச நாள். நீரிழிவு நோயாளி ஒருவர் வெயிலில் தண்ணீரின்றி இருப்பது எத்தகைய ஆபத்தென்பதை இங்குள்ள வைத்தியர்கள் அறிவர்.

எங்கள் படலையிலிருந்து ஒழுங்கை முடியும்வரை மணல். கதிரையின் முன்சில்லுகள் சிறியவை; மணலிற் புதைந்துவிடும். ஆகவே கதிரையைத் திருப்பிப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போனேன். மாமா தாம் போகும் வழியைப் பார்க்காமல், விட்டுவந்த வீட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். பிரதான வீதிக்கு வந்தோம். பஸ் ஒன்று நின்றது. கதிரையைக் கண்டதும் நடத்துநர், “பின்னால வாற பஸ்ஸில வாங்கோ, ஐயா. அது சனமில்லாமல் வரும்” என்றார். பின்னால் வந்த பஸ் தனக்குப் பின்னால் வருவதைக் காட்டிற்று. மூன்றாவது பஸ் நிற்கவேயில்லை. அந்தப் பஸ்களிலெல்லாம் உள்ளே ஓர் ஆசனத்தின் மேல் ஊனமுற்றோருக்கு ஒதுக்கப்பட்டதென்று எழுதியிருக்கும். ஆசனம் ஒதுக்கியாயிற்று, அதற்குப் போகும் வழியைத்தான் ஒதுக்க மறந்துவிட்டார்கள். ஈற்றில் ஓட்டோவொன்றைப் பிடித்து, கதிரையை மடித்துக் கயிற்றாற் பின்னே கட்டிக்கொண்டு போனோம். பஸ்ஸிற் போயிருந்தால் ஆகும் செலவைப் போலப் பல மடங்கு செலவாயிற்று. கால் உள்ளவனுக்கு மலிவான நகரம் கால் இல்லாதவனுக்கு விலை கூடியது.

கந்தோர் வாசலில் ஏழு படிகள். பக்கத்திலே, படிக்குப் பதிலாகச் சாய்வாகக் கட்டிய சாய்தளம் ஒன்றும் இருந்தது. அதைக் கண்டவுடன் எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. அதன் அடியிலே மூன்று மோட்டார் சைக்கிள்கள் நின்றன. ஒருவாறு அவற்றை விலக்கி மேலே போய்ப் பார்த்தேன். கதவு பூட்டியிருந்தது. திறப்பு ஓர் ஊழியரிடம், ஊழியர் லீவில். உள்ளே போய்ச் சொன்னேன். இளம் உத்தியோகத்தர் ஒருவர் உடனே எழுந்து பத்திரத்தோடு வெளியே வந்தார். வேப்பமரத்தின் கீழே, மாமாவின் மடியில் ஒரு கோவையை வைத்து, கையொப்பமிட்டு முத்திரையுங் குத்திக் கொடுத்தார். மாமாவிடம் படித்த மாணவர் அவர். காத்திருந்த சனங்களெல்லாம் அவருடைய பண்பைப் புகழ்ந்தார்கள். நானும் புகழ்ந்தேன். அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது.

திரும்பி வரும்போது மாமா ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு செம்பு தண்ணீர் குடித்தபின் சொன்னார்:

“தம்பி, அந்தப் பெடியன் நல்ல பெடியன். அவனிலை குறையில்லை. ஆனால் நான் உள்ளுக்குப் போய், நம்பர் எடுத்து, எல்லாரோடையும் பாத்துக்கொண்டிருந்து, என்ர முறை வர மேசைக்குக் கிட்டப் போய் வாங்கியிருந்தால், அது என்ர உரிமை. மரத்துக்குக் கீழ வாங்கினது தருமம்.”

சபையோரே, இந்த ஒரு வார்த்தையின் பொருட்டே இன்று இப்பொருளைத் தெரிந்துகொண்டேன். தருமம் செய்வதில் நம்மவர் ஒருபோதும் பின்னின்றவரல்லர். அன்னதானம், இலவச மூக்குக்கண்ணாடி, சக்கர நாற்காலி வழங்கும் வைபவம் என்று ஆண்டுதோறும் செய்கிறோம். படமும் பிடித்துப் பத்திரிகைக்கு அனுப்புகிறோம். ஆனால் நாம் வழங்கிய கதிரையிலே அந்த மனிதர் மறுநாள் எங்கே போனார் என்று எவராவது கேட்டதுண்டா?

இன்னொன்றையும் வெட்கத்தோடு சொல்லுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கலியாண மண்டபத்தில் நானும் என் சிநேகிதர் மூவருமாக மாமாவைக் கதிரையோடு தூக்கிப் படியேற்றினோம். பெரிய வீரச்செயல் செய்தவர்கள் போல் நின்றோம். பலர் முதுகிலே தட்டினார்கள். மாமா அன்று சொன்னதை நான் பகிடியென்றே எடுத்துக்கொண்டேன்: “சுவாமியைத் தூக்கிற மாதிரித் தூக்கினியள். சுவாமியைக் கேட்டோ தூக்குறியள்?” வளர்ந்த மனிதர் ஒருவரைப் பலர் பார்க்கத் தூக்குவது அவருக்கு எப்படியிருக்கும் என்று தூக்கிய நால்வரில் ஒருவரும் எண்ணவில்லை. கை வழுக்கியிருந்தால் என்னாவது என்றும் எண்ணவில்லை.

இவர்களை எந்தப் பெயராற் குறிப்பது என்பதில் மட்டும் நாம் மிகவும் முன்னேறியிருக்கிறோம். முடவர், குருடர் என்று ஒரு காலம். அங்கவீனர் என்று பின்னர். வலது குறைந்தோர், மாற்றுத்திறனாளிகள் என்று இன்று. பெயர் மாறியது நல்லதே, நான் குறைசொல்லவில்லை. பெயர்ப்பலகையை நான்கு முறை மாற்றி எழுதிய கட்டிடத்திலே படி மட்டும் அப்படியே இருக்கிறது என்பதைத்தான் சொல்லுகிறேன். வேறு சிலர், இஃது அவரவர் வினைப்பயன் என்று சொல்லி விலகிக்கொள்வார்கள். நோய்க்கு வினை காரணமோ அன்றோ என்பதைப் பெரியோர்கள் ஆராயட்டும். ஆனால் அந்த ஏழு படிகளைக் கட்டியவர் பிரமதேவரல்லர், நம்மூர் மேசன்.

சட்டம் இல்லையே என்று எவரும் சொல்ல இடமில்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இவர்களுடைய உரிமைகளைப் பாதுகாப்பதற்கென்றே இயற்றப்பட்டது. உடற்குறையைக் காட்டித் தொழிலிலோ கல்வியிலோ ஒருவரை வேறுபடுத்தலாகாது. பொதுமக்கள் போய்வரும் கட்டிடத்துள் அவர் நுழைவதைத் தடுக்கலாகாது. தடுக்கப்பட்டவர் மேல் நீதிமன்றத்தை நாடலாம் என்று அது கூறுகிறது. கட்டிடங்களின் சாய்தளமும் கதவும் மலசலகூடமும் எப்படியிருக்க வேண்டுமென்ற ஒழுங்குவிதிகள் பத்து ஆண்டுகள் கழித்து, 2006ஆம் ஆண்டு ஒக்டோபரில் வர்த்தமானியில் வந்தன. அதே ஆண்டு டிசெம்பரில் ஐக்கிய நாடுகள் சபை இதுபற்றிய உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. இலங்கை 2007 மார்ச்சில் அதில் ஒப்பமிட்டு, 2016 பெப்ரவரியில் அதை உறுதிப்படுத்திற்று. ஒப்பத்துக்கும் உறுதிக்கும் நடுவே ஒன்பது ஆண்டுகள் எடுத்தன. ஒரு கையொப்பத்துக்காக நானும் மாமாவும் ஒரு காலைப்பொழுதைச் செலவிட்டது அதனோடு ஒப்பிடும்போது பெரிதன்று.

இச்சட்டத்தைத் தூங்கவிடாமல் எழுப்பிய ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அஜித் பெரேரா என்பவர் இரசாயனவியலாளராகவும் கிரிக்கெட் நடுவராகவும் இருந்தவர். 1992ஆம் ஆண்டிலே அவர் சென்றுகொண்டிருந்த காரின் மீது வீதியோர மரமொன்று சாய்ந்தது. இடுப்புக்குக் கீழே இயக்கம் போயிற்று. அதன்பின் அவர் பார்த்த வேலை, நாட்டின் பொதுக் கட்டிடங்களுக்கு நடுவராக நிற்பது. 2009ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவொன்றைத் தாக்கல் செய்தார். 2011 ஏப்பிரல் 27ஆந் திகதி நீதிமன்றம் கட்டளையிட்டது. புதிதாகக் கட்டும் பொதுக் கட்டிடங்கள் விதிகளுக்கு அமைந்திருக்க வேண்டும். அமையாமை தண்டனைக்குரியது என்பது அதன் சாரம். ஆட்டக்காரர் வெளியே போனார் என்று விரலை உயர்த்தியவர், தாம் உள்ளே வருவதற்காக நீதிமன்றம் ஏறவேண்டியிருந்தது.

அப்படியிருந்தும் நாங்கள் போன கந்தோரிலே நடந்தது என்ன? விதிப்படி சாய்தளம் இருந்தது. நுழைய வழி இருக்கவில்லை. இங்கேதான் ஒரு செய்தியை நன்கு கவனிக்க வேண்டும். படியேறுவது ஒரு செயலன்று. வீட்டிலிருந்து மேசை வரையுள்ள ஒரு நீண்ட வழியின் ஒரு கண்ணி. ஒழுங்கை, வாய்க்கால் மூடி, பஸ், நடைபாதை, வாசல், கதவு, மேசை, மலசலகூடம் என்ற இத்தனையுள் ஒன்று அறுந்தால் மற்றவை முழுதும் வீண். கிணற்றுக் கயிறு பத்து முழமும் நல்லதாயிருந்து ஒரு முழம் இற்றுப்போனால் வாளி மேலே வராது. பொறியியலாளர் சாய்தளத்தைக் கட்டினார். அவர் கடமை முடிந்தது. காவலாளி கதவைப் பூட்டினார்; அவர் கடமையும் முடிந்தது. ஊழியர்கள் மோட்டார் சைக்கிளை நிழலில் நிறுத்தினார்கள். அதிலும் குற்றம் சொல்வதற்கில்லை. எல்லாரும் தத்தம் கடமையைச் செய்தார்கள். மாமா மரத்தடியில் இருந்தார்.

அந்தச் சாய்தளத்தின் அளவையும் கேளுங்கள். மாமா கணித ஆசிரியரல்லவா? ‘அளந்துகொண்டு வா’ என்று சில நாட்களின் பின் என்னை அனுப்பினார். ஏழு படிகளும் சேர்ந்து நாற்பத்திரண்டு அங்குல உயரம். சாய்தளத்தின் நீளம் பதினொரு அடி, அதாவது நூற்று முப்பத்திரண்டு அங்குலம். மாமா வகுத்துப் பார்த்துவிட்டு, “3.14. வட்டத்தின்ரை விட்டமும் பரிதியும் எண்டு நினைச்சுக் கட்டிப்போட்டாங்கள்” என்றார். பல நாடுகளின் விதிகளில் உள்ள அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஓரடி உயர்வதற்குப் பன்னிரண்டடி நீளம். நாற்பத்திரண்டு அங்குலத்துக்கு நாற்பத்திரண்டு அடி வேண்டும். நடுவிலே இளைப்பாற ஒரு சமதளமும் வேண்டும். ஒன்றுக்கு மூன்று என்ற சரிவிலே கதிரையைத் தனியே ஏற்ற எவராலும் இயலாது. இறங்கினால் நிறுத்தவும் இயலாது. கதவு திறந்திருந்தாலும் மாமா அதில் ஏறியிருக்க முடியாது என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அது சக்கர நாற்காலிக்குக் கட்டிய பாதையன்று; பரிசோதகர் வந்தால் காட்டுவதற்குக் கட்டிய பாதை.

படியைப் பற்றியே பேசுகிறேன். கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் மிஷன் பாடசாலையிலே படித்தவன். இந்நாட்டில் செவிப்புலனற்றோர்க்கும் பார்வையற்றோர்க்குமான கல்வியை 1912ஆம் ஆண்டில் மேரி சாப்மன் என்ற மிஷனரி அம்மையார் தொடக்கி வைத்தார் என்றும், இரத்மலானைப் பாடசாலையும் பின்னர் வடக்கிலே கைதடிப் பாடசாலையும் அவ்வழியில் வந்தன என்றும் எங்கள் ஆசிரியர்கள் பெருமையோடு சொல்வார்கள். அப்பெருமை நியாயமானதே. ஆனால் பிரெயில் எழுத்தை விரலால் வாசிக்கக் கற்ற பிள்ளை பாடசாலைப் படலையைத் தாண்டியதும், வாசிக்க முடியாத ஒரு வீதியிலே நிற்கிறான்.

பல்கலைக்கழகத்தில் எனக்குப் பார்வையற்ற நண்பர் ஒருவர் இருக்கிறார். நமது பட்டினத்தின் பஸ் நிலையத்தைப் பற்றி அவர் சொன்னது எனக்குப் புதுமையாக இருந்தது. தனியார் பஸ் நடத்துநர்கள் ஊர்ப் பெயர்களை அடுக்கிக் கத்துகிறார்களே, அது காதைத் துளைக்கிறதென்று நாமெல்லாம் முறையிடுகிறோம். அவருக்கோ அதுதான் பெயர்ப்பலகை. “அவங்கள் வாயை மூடினால் எனக்குக் கண் போச்சு” என்பார். அதே நண்பரோடு தலைநகரின் வீதியொன்றில் நடந்தேன். நடைபாதையிலே புடைப்புள்ள மஞ்சள் ஓடுகள் பதித்திருந்தார்கள். ஜப்பானிலே மியாக்கே செயிச்சி என்பவர் ஆக்கி, 1967ஆம் ஆண்டு மார்ச்சில் ஒக்கயாமா நகரத்துப் பார்வையற்றோர் பாடசாலைக்கு அருகில் முதன்முதற் பதித்த ஓடு அது. நீளப் புடைப்பு ‘போ’ என்பதற்கு. புள்ளிப் புடைப்பு ‘நில்’ என்பதற்கு. நண்பர் ஊன்றுகோலால் அதைத் தொட்டு மிக மகிழ்ந்து விரைவாக நடந்தார். நீளப் புடைப்பு நேரே ஒரு மின்கம்பத்திற் போய் முடிந்தது. நான் கையைப் பிடித்து இழுத்திராவிட்டால் நெற்றி உடைந்திருக்கும். பொய் சொல்லும் பாதை, பாதையில்லாமையிலும் கொடிது.

இவற்றைக் கேட்டால், ‘மேல்நாட்டிலே எல்லாம் இருக்கிறது, நமது நாட்டிலேதான் இல்லை’ என்று பெருமூச்சு விடுவோர் உண்டு. மேல்நாட்டிலும் அவை வானத்திலிருந்து விழவில்லை. எட் ரொபேர்ட்ஸ் என்ற அமெரிக்க இளைஞரின் கதை அதற்குச் சான்று. 1953ஆம் ஆண்டில், பதினான்கு வயதிலே, போலியோ நோய் அவருடைய கழுத்துக்குக் கீழே உடம்பை முடக்கிற்று. இரவிலே இரும்புச் சுவாசப் பெட்டிக்குள் படுத்துத்தான் மூச்சுவிட வேண்டும். கலிபோர்னியா மாநிலத்து மறுவாழ்வுத் திணைக்களம், இவர் தொழில் செய்யக்கூடியவரல்லர் என்று சொல்லி முதலிற் படிப்புக்கு உதவ மறுத்தது. இருந்தும் 1962இல் பேர்க்லி பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். சுவாசப் பெட்டியை வைக்க விடுதியில் இடமில்லாமையால் மாணவர் வைத்தியசாலையின் ஓர் அறையே விடுதியாயிற்று. அவரைப் போன்ற வேறு மாணவர்களும் வந்து சேர்ந்தார்கள். நாற்காலியில் உருண்டு திரிவதை வைத்துத் தங்களுக்கு ஒரு பகிடிப் பெயரும் சூட்டிக்கொண்டார்கள்.

அவர்கள் கேட்டது பெரிய மாளிகையன்று. வீதியிலிருந்து நடைபாதைக்கு ஏறும் அந்த ஐந்து ஆறு அங்குல விளிம்பைச் சரிவாக வெட்டித் தாருங்கள் என்றார்கள். அந்த விளிம்பு ஒவ்வொரு சந்தியிலும் அவர்களைச் சிறைவைத்தது. 1971ஆம் ஆண்டு செப்டெம்பரில் அந்நகரசபை அதற்கு இணங்கிற்று. அடுத்த ஆண்டு, தங்கள் வாழ்வைத் தாங்களே நடத்துவதற்கான நிலையமொன்றை அவர்கள் நிறுவினார்கள். பின்னர் எட் ரொபேர்ட்ஸ், தம்மை முன்பு மறுத்த அதே மறுவாழ்வுத் திணைக்களத்துக்குத் தலைவரானார். தொழில் செய்ய இயலாதவர் என்று எழுதிய கோவை அப்போது அவருடைய மேசைக்கு வந்ததோ என்னவோ!

வெட்டிய சரிவினால் பிள்ளை வண்டி தள்ளும் தாய்மாரும், சாமான் வண்டி இழுப்போரும், தடியூன்றும் கிழவரும் பயனடைந்தார்கள். நமது ஊரிலே பிள்ளை வண்டி குறைவு, சைக்கிள் அதிகம். மீன்பெட்டி கட்டிய சைக்கிளும், உருட்டிக்கொண்டு வரும் காஸ் சிலிண்டரும் எந்த வாசலிலே முட்டுகின்றனவோ அந்த வாசலிலேதான் மாமாவும் முட்டுகிறார்.

நமது பகுதிக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. இங்குள்ள பல குடும்பங்கள் என்னிலும் நன்கறியும். 2009ஆம் ஆண்டில் யுத்தம் முடிந்தது. மிதிவெடியால் போன கால்கள் முளைக்கவில்லை. ஜெய்ப்பூர்க் கால் நம்மவர் பலரை மீண்டும் எழுந்து நிற்கச் செய்தது. வைத்தியர் சேத்தியும் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் 1960களின் பிற்பகுதியில் உருவாக்கிய கால் அது. சப்பாத்தில்லாமல் நடக்கவும், வயற்சேற்றில் இறங்கவும், சம்மணமிட்டு இருக்கவும் ஏற்றதாக நம்போன்றோரின் வாழ்க்கையைப் பார்த்துச் செய்தது. காலைச் செய்தவர் மனிதனைப் பார்த்துச் செய்தார். வீதியைச் செய்தவர்தான் அவனைப் பார்க்கவில்லை.

செலவைப் பற்றிப் பெரியவர்கள் கேட்பது நியாயம். கட்டும்போதே சேர்த்துக் கட்டினால் செலவு சிறிது. கட்டியதை இடித்துக் கட்டினால்தான் பெரிது. ஆகையால் உள்ளூராட்சி மன்றம் கட்டிடப் படத்தை அங்கீகரிக்கும் நேரமே கேட்க வேண்டிய நேரம். 2006க்குப் பின் நமது பிரதேசத்தில் அனுமதி பெற்ற பொதுக் கட்டிடங்கள் எத்தனை, அவற்றுள் விதிக்கு அமைந்தவை எத்தனை என்று கேட்பதற்கு 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் சட்டம் நமக்கு வழி தந்திருக்கிறது. ஒரு விண்ணப்பம் எழுத ஒரு பின்னேரம் போதும். இளைஞர் பகுதி இதைச் செய்யுமாயின் எழுதுகிற வேலையை நான் ஏற்கிறேன்.

ஆனால் செலவைவிட அடிக்கடி கேட்கும் கேள்வி வேறொன்று: ‘அப்படிப்பட்டவர்கள் இங்கே யார் வருகிறார்கள்?’ 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களிலே பார்ப்பது, கேட்பது, நடப்பது முதலியவற்றில் ஏதோவொரு சிரமம் உடையவர்கள் இலங்கையில் பதினாறு இலட்சத்துக்கு மேல், நூற்றுக்கு 8.7. இம்மண்டபத்தில் இப்போது ஏறக்குறைய இருநூறு பேர் இருக்கிறோம். அந்தக் கணக்குப்படி நம்மிடையே பதினேழு பேர் இருக்க வேண்டும். நான் வந்ததிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன். மூக்குக்கண்ணாடி போட்டும் எழுத்துத் தெரியாத பெரியவர்களையும், காது மந்தமென்று முன்வரிசைக்கு வந்தவர்களையும் சேர்த்தால்தான் கணக்கு ஏதோ நெருங்குகிறது. சக்கர நாற்காலி ஒன்றுகூட இல்லை. அவர்கள் வராதபடியால் வழி கட்டவில்லை என்கிறோம்; வழி இல்லாதபடியால் அவர்கள் வரவில்லை. உள்ளே வர இயலாத அடியாருக்காகவே சுவாமி வீதியுலா வருகிறார் என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அரசாங்கமும் நடமாடும் சேவை என்று எப்போதாவது ஒருநாள் வீதியுலா வருகிறது. அதையும் பள்ளிக்கூட மண்டபமொன்றில், படிக்கு மேலேதான் வைக்கிறார்கள்!

மற்றவர் வாசலைச் சொல்லிவிட்டு நமது வாசலைச் சொல்லாமல் விடுவது ஒழுங்கன்று. பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும். இம்மண்டபத்து வாசலில் மூன்று படிகள். ஒவ்வொன்றும் ஏழு அங்குலம். நேற்றுப் பின்னேரம் அளந்தேன். இருபத்தோரு அங்குல உயரத்துக்கு இருபத்தோரு அடி நீளமான சாய்தளம் வேண்டும். படியிலிருந்து மதில் வரை நேரே பதினேழு அடிதான் உண்டு. ஆகையால் சாய்தளத்தை நடுவிலே ஒரு சமதளம் வைத்துக் கிணற்றடிப் பக்கமாகத் திருப்ப வேண்டும். கதிரை திரும்புவதற்குச் சமதளம் ஐந்தடிக்கு ஐந்தடி. அகலம் நாலடி, இரு பக்கமும் பிடிகம்பி. பக்கக் கதவு இருபத்தெட்டு அங்குலம். அதை முப்பத்திரண்டுக்குக் குறையாமல் அகலப்படுத்த வேண்டும். பின்னாலுள்ள மலசலகூடத்தின் வாசற்கட்டையும் உடைக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் முன்பு சொன்ன கயிற்றின் கதைதான்.

வாசலிலே ஞாபகார்த்த வளைவு கட்டுவதற்கு நிதி சேர்ப்பதை நான் அறிவேன். அழகான வளைவுதான், படத்தையும் பார்த்தேன். அதைக் கட்ட வேண்டாமென்று சொல்ல எனக்கு வயது போதாது. எது முதலில் என்று கேட்பதற்கு மட்டும் வயது வந்துவிட்டதென்று நினைக்கிறேன்.

என் மாமா இம்மன்றத்தின் ஆயுட்கால அங்கத்தவர். பத்து ஆண்டுகள் இதன் கணக்குப் பரிசோதகராக இருந்தவர். நான்கு ஆண்டுகளாக ஒரு கூட்டத்துக்கும் அவர் வராததை எவரும் அறிக்கையிலே குறிப்பிடவில்லை. இன்று வந்திருக்கிறார். முற்றத்திலே, ஒலிபெருக்கியின் கீழே, மாமரத்தடியில் இருக்கிறார். தூக்கிக்கொண்டு வருவோமென்று தம்பிமார் சிலர் போனார்கள், வேண்டாமென்று சொல்லிவிட்டார். இங்கு நான் சொன்ன கணக்குகளில் பிழை இருந்தால் முற்றத்திலிருந்து குரல் கொடுப்பதாகச் சொன்னார். இதுவரை குரல் வரவில்லை.

அளவுகளும் வரைபடமும் எழுதிய தாளைத் தலைவர் அவர்களிடம் கொடுக்கிறேன். வரைபடம் மாமா கீறியது. இதைப் பற்றி ஆராயும் செயற்குழுக் கூட்டத்தை முற்றத்திலே வைத்தால் அவரும் வந்து பேசுவார்.